காலி செய்யச் சொல்லும் முன்: வாடகை நீதிமன்றமா, சிவில் கோர்ட்டா, உட்கார்ந்து பேசுவதா?

பெரம்பூரில் அம்மாவுக்கு ஒரு பழைய மாடி வீடு. மேலே அம்மா, கீழ்ப் போர்ஷனில் 2016 முதல் ஒரே குடும்பம். முதலில் வாடகை 9,000 ரூபாய். பேசிப் பேசி 12,000 ஆனது. அட்வான்ஸ் 60,000. வந்த புதிதில் 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத அக்ரிமென்ட் ஒன்று போட்டார்கள். அது முடிந்த பிறகு யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. நல்ல குடித்தனம்தான். 2023 நவம்பரில் குடித்தனக்காரருக்கு வேலை போனது. நவம்பர், டிசம்பர், ஜனவரி என மூன்று மாதம் வாடகை வரவில்லை. அம்மாவின் மருந்துச் செலவு அந்த 12,000-ஐ நம்பித்தான் இருந்தது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தண்ணீர் மோட்டாரை நிறுத்து என்றார் ஒருவர். ஸ்டேஷனில் தெரிந்தவர் இருக்கிறார் என்றார் இன்னொருவர். கேஸ் போட்டால் பத்து வருஷம் இழுக்கும் என்றார் மூன்றாமவர். நான் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருப்பவன். வீட்டுக்காரரின் மகனாகவும் குடித்தனக்காரனாகவும் ஒரே நேரத்தில் இதைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஜனவரியில் நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் குடியிருக்கும் வீட்டை மட்டுமே மனதில் வைத்து எழுதுகிறேன். கடை, கிடங்கு பற்றி இங்கே பேசவில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாடகை உறவு முடிவது ஒரு விஷயம், வீடு கைக்கு வருவது இன்னொரு விஷயம். நோட்டீஸ் கொடுத்தால் முதலாவது முடியலாம். இரண்டாவதுக்கு, குடியிருப்பவர் தாமாகச் சாவியைத் தர வேண்டும். இல்லையென்றால் அதிகாரம் உள்ள ஒரு மன்றம் உத்தரவிட வேண்டும். மூன்றாவது வழி சட்டத்தில் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் சண்டை முற்றுவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான். ‘நோட்டீஸ் கொடுத்தாச்சு, தேதி முடிஞ்சாச்சு’ என்று பூட்டோடு போய் நிற்கிறார்கள்.

அந்தப் பூட்டு என்ன செய்யும் என்று பார்க்கலாம். தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20-ம் பிரிவு சொல்கிறது. நிறுத்தினால் குடித்தனக்காரர் மனு போட்டு உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு வாங்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் பூட்டிவிட்டால், குறித்துரை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ம் பிரிவு இருக்கிறது: சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், திரும்ப உள்ளே வர முடியும். வாடகை பாக்கி வைத்தவர் மீது நாம் சொல்ல வேண்டிய புகார் அங்கேயே அடிபட்டுப்போகும். போலீசுக்கும் வீட்டைக் காலி செய்து தரும் அதிகாரம் இல்லை. மோட்டாரை நிறுத்தச் சொன்ன மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

சரி, எந்த மன்றத்துக்குப் போவது? தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல ஆண்டுகள் ஓடியது. அதை நீக்கிவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் ஆண்டு 2017. அது மூன்று அடுக்கு வைத்திருக்கிறது: வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலர் தவறான இடத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

வாடகை அதிகாரி என்பவர் வருவாய்த் துறையில் துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர். அக்ரிமென்ட் பதிவாவது அவரிடம்தான். அதற்கென அரசின் இணையதளமும் உண்டு. வாடகையை நிர்ணயிப்பது, வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் வாடகையை அங்கே கட்டுவது, மேலே சொன்ன தண்ணீர், மின்சாரப் புகார் எல்லாம் அவரிடம் போகும். ஆனால் காலி செய்யும் உத்தரவை அவர் போட முடியாது. எங்கள் கேள்விக்கு அவர் பதில் அல்ல. குடித்தனக்காரருக்கு அவர் மிகவும் உதவுவார். வாடகையை வாங்காமல் இருந்து, அப்புறம் ‘பாக்கி வைத்தார்’ என்று வழக்குப் போடும் வீட்டுக்காரர்கள் உண்டு. பணத்தை அதிகாரியிடம் கட்டி ரசீது வைத்திருப்பவரை அந்தப் பொறியில் சிக்க வைக்க முடியாது.

காலி செய்யும் உத்தரவு வாடகை நீதிமன்றத்தின் வேலை. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் நீதிபதிகள் இதைக் கவனிக்கிறார்கள். 21-ம் பிரிவுதான் இதில் உயிர்நாடி. அக்ரிமென்ட் நடப்பில் இருக்கும்போது, அந்தப் பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்று இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. முக்கியமான காரணங்கள்: எழுத்துப்பூர்வ அக்ரிமென்ட் போடத் தவறியது, வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்தியது, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை.

பாக்கி என்ற காரணத்தை எல்லோரும் எளிது என்று நினைக்கிறார்கள். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு மாத வாடகையும் மற்றக் கட்டணங்களும் நின்றிருக்க வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டு முறைப்படி நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதும் கட்டாமல் இருக்க வேண்டும். நோட்டீஸ் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு இந்தச் சட்டம் 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 106-ம் பிரிவின் 4-ம் உட்பிரிவைக் காட்டுகிறது: எழுத்தில், கையெழுத்துடன், தபாலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ குடும்பத்தாரிடமோ கொடுக்கலாம், முடியாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் அன்போடு எழுதப்பட்டவை, ஆனால் இந்தப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

பாக்கி நோட்டீஸ் தனி, வாடகை உறவை முடிக்கும் நோட்டீஸ் தனி. இரண்டாவது வகைக்கு அதே 106-ம் பிரிவு, மாத வாடகை வீட்டுக்குப் பதினைந்து நாள் அவகாசம் சொல்கிறது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின்கீழ் வெளியேற்ற அந்த நோட்டீஸ் தேவையில்லை என்று 1979-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டிலிருந்து போன தனபால் செட்டியார் வழக்கு. அந்தத் தீர்ப்பைச் சொல்லி ‘நோட்டீசே வேண்டாம்’ என்று சிலர் இன்றும் ஆலோசனை தருகிறார்கள். புதிய சட்டம் பாக்கிக்குத் தானே ஒரு நோட்டீஸ் கேட்கிறது. அதை விட்டுவிட்டுப் போனால் மனு நிற்காது.

எங்கள் வழக்கறிஞர் பாக்கியைவிட முதல் காரணத்தைத்தான் பிடித்தார். 2019-க்கு முன்பே குடிவந்தவர்களும் வீட்டுக்காரர்களும் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்துப்பூர்வ அக்ரிமென்ட் போட்டுக்கொள்ள வேண்டும் என்று 4-ம் பிரிவு சொன்னது. அம்மா போடவில்லை, அவரும் போடவில்லை. அந்தத் தவறே காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம். பதிவு செய்யாத பழைய முத்திரைத்தாளை வைத்துக்கொண்டு மற்றக் காரணங்களை வாதிடுவது கடினம், பதிவாகாத அக்ரிமென்டைச் சாட்சியமாக ஏற்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கதவு திறக்கும் என்பதை 2024 ஜனவரியில் நாங்கள் தீர்மானிக்கவில்லை. 2016-ல் அந்த 20 ரூபாய்த் தாளும், 2019-க்குப் பிறகு எங்கள் அலட்சியமும் சேர்ந்து அதை முன்பே தீர்மானித்துவிட்டன.

வாடகை நீதிமன்றத்தின் நல்ல பக்கம், விசாரணை சுருக்கமான முறையில் நடக்கும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஒவ்வொரு படியையும் ஏற வேண்டியதில்லை. மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அதற்கு மேல் அரசியலமைப்பின் 227-ம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்பார்கள். பிடிவாதமான எதிர்த் தரப்பு இருந்தால் இந்த மூன்று படியும் ஏற வேண்டிவரும். ஆகவே அவசரத்துக்கு நல்ல வழி என்று இதைச் சொல்ல மாட்டேன். பேச முடியாத ஆளிடமிருந்து வீட்டை மீட்க இருப்பதில் உறுதியான வழி என்று சொல்வேன்.

அப்படியானால் சிவில் கோர்ட் எதற்கு? வாடகைச் சட்டத்துக்குள் வரும் விஷயத்தில் சிவில் நீதிமன்றம் வழக்கை எடுக்கக் கூடாது என்று 40-ம் பிரிவு தடுக்கிறது. அதே பிரிவு வாடகை நீதிமன்றத்துக்கும் ஒரு கோடு போடுகிறது: வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அது தீர்க்க முடியாது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் இருக்கும் வீடு, ‘நான் வாடகைக்கு இல்லை, இது என் பங்கு’ என்று குடியிருப்பவர் சொல்லும் வீடு, இவையெல்லாம் சிவில் கோர்ட்டுக்குத்தான். அரசுக் கட்டடங்கள், நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையின் பகுதியாகக் கொடுத்த குடியிருப்புகள் போன்றவை இந்தச் சட்டத்துக்கே வெளியே நிற்கின்றன.

நம் ஊரில் ‘லீசு’ என்று சொல்வதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஐந்து லட்சம், பத்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் இருப்பார்கள். சில ஊர்களில் ஒத்தி என்பார்கள், சில ஊர்களில் போக்கியம். சட்டம் குத்தகை என்று சொல்வது வேறு, இது வேறு. பத்திரத்தின் வாசகம் போக்கிய அடமானம் என்று இருந்தால் உள்ளே இருப்பவர் குடித்தனக்காரரே அல்ல, கடன் கொடுத்தவர். அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்கும் வழக்கு சிவில் கோர்ட்டில் நடக்கும். அடமானத்துக்குப் பதிவுசெய்த பத்திரம் வேண்டும். பலர் அதையும் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பை இப்படி ஒரு தாளை நம்பிக் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கொடுப்பதற்கு முன் பதிவு அலுவலகத்துக்குப் போங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு வழியாக நடுவர் மன்றத்தைச் சிலர் சொல்வார்கள். புரோக்கர்கள் இணையத்திலிருந்து எடுத்து அச்சிடும் அக்ரிமென்டுகளில் ‘தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். 2020 டிசம்பரில் வித்யா ட்ரோலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சொத்துரிமை மாற்றச் சட்டத்தின்கீழ் மட்டும் வரும் வாடகைத் தகராறுகள் நடுவர் மன்றம் போகலாம், தனி வாடகைச் சட்டம் ஒரு குறிப்பிட்ட நீதிமன்றத்துக்கே அதிகாரம் கொடுத்திருக்கும் இடத்தில் போக முடியாது. தமிழ்நாட்டு வீட்டு வாடகைக்கு அந்தப் பத்தி பெரும்பாலும் தாளை நிரப்பத்தான் உதவும்.

மிஞ்சியது பேச்சு. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்ற வழிகளின் செலவு தெரிந்த பிறகுதான் பேச்சின் மதிப்பு தெரியும். மூன்று மாத பாக்கி 36,000. கையில் அட்வான்ஸ் 60,000. மீதி இருப்பது 24,000, அதாவது இன்னும் இரண்டு மாத வாடகை. நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் காத்திருந்து, மனு போட்டு, எதிர்த் தரப்பு வந்து பதில் கொடுப்பதற்குள்ளேயே அந்த மீதி கரைந்துவிடும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மாதமும் அம்மாவின் கைக்காசு, வழக்கறிஞர் கட்டணம் தனி. கேஸ் ஜெயித்துப் பாக்கிக்கு உத்தரவு வாங்கினாலும், வேலையில்லாதவரிடம் அதை வசூலிக்க இன்னொரு நடை நடக்க வேண்டும்.

அவர் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. பெரிய பெண் பத்தாம் வகுப்பு. நடுவில் வீடு மாற முடியாது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் வேண்டும். அது இந்த வீட்டு அட்வான்ஸிலிருந்துதான் வர வேண்டும். அம்மாவே கீழே இறங்கிப் போய், ‘பரீட்சை முடியட்டும் தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா பிப்ரவரியிலேருந்து வாடகை வரணும், எனக்கும் வேற வழி இல்ல’ என்றார். குடித்தனக்காரரின் மச்சினர் உதவினார். பிப்ரவரி முதல் மாத வாடகை வரும், பழைய 36,000-ஐ அட்வான்ஸில் கழிப்பது, ஏப்ரல் 30 அன்று சாவியைத் தரும்போது 24,000-ஐக் கையில் கொடுப்பது என்று முடிவானது. வெள்ளை அடிக்கும் செலவை அம்மா கேட்கவில்லை.

வாய்ப்பேச்சில் இதை விட்டிருந்தால் 2016-ன் தவறு இன்னொரு முறை நடந்திருக்கும். நோட்டீஸ் கொடுத்த பிறகு வாடகை வாங்கினால், நோட்டீசைக் கைவிட்டுவிட்டதாக எதிர்த் தரப்பு வாதிட சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 113-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் ஒவ்வொரு ரசீதிலும் ‘நோட்டீசுக்குப் பாதகமில்லாமல், குடியிருக்கும் காலத்துக்கான தொகை’ என்று எழுதினோம். சமரசத்தை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு, வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொண்டு போனோம். அம்மா பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. இது பலருக்குத் தெரியாது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) கட்டணம் இல்லை. அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பதிவாகும் தீர்வு, சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்; அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. அவர் ஏப்ரல் 30 அன்று போகாவிட்டால், புதிதாக வழக்குப் போடாமல் நேராக நிறைவேற்று மனுவுக்கு, அதாவது அந்தத் தீர்வைச் செயல்படுத்தித் தரக் கேட்கும் மனுவுக்குப் போகலாம்.

இதில் வழக்கறிஞர் சொன்ன ஒரு நுணுக்கம் மிக முக்கியம். சமரசத்தின் பேரில் காலி செய்யும் உத்தரவு வந்தாலும், வாடகைச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று இருப்பது ஆவணங்களிலிருந்து தெரிய வேண்டும் என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டின் பழைய சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கில். ஆகவே ‘இருவரும் ஒப்புக்கொண்டோம்’ என்று மட்டும் எழுதாமல், அக்ரிமென்ட் போடாததையும் மூன்று மாத பாக்கியையும் அவர் ஒப்புக்கொள்வதாக ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை எழுதும்போது அவர் முகம் சுருங்கியது. இது உங்களை அவமானப்படுத்த இல்லை, தாள் நிற்க வேண்டும் என்பதற்காக என்று நான் விளக்கிச் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார்.

எல்லா வீட்டுக்கும் இதே வழி பொருந்தாது. உள்வாடகைக்கு விட்டவர், வீட்டையே தன்னுடையது என்று சொல்பவர், மூன்று நோட்டீசுக்கும் வாய் திறக்காதவர் போன்றவர்களிடம் சமரசத்துக்குக் காத்திருப்பது மாதங்களை வீணாக்கும். அங்கே பாக்கி நோட்டீஸ் ஒரு கையில், வாடகை நீதிமன்ற மனு மறுகையில் என்று உடனே நகர வேண்டும். சொந்தம் என்ற கேள்வி எழுந்துவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் நேரம் போக்காமல் சிவில் வழக்கு. பேச்சு நடக்கும் என்று தெரிந்தால் மட்டும் மக்கள் நீதிமன்றம்.

குடித்தனக்காரராக நீங்கள் வெளியேறுகிறீர்கள் என்றால் தேர்வு இன்னும் எளிது, ஆனால் தேதிகள் முக்கியம். அக்ரிமென்டில் லாக்-இன் காலம் (அது முடியும் முன் காலி செய்யக் கூடாது என்று ஒப்புக்கொண்ட காலம்) இருக்கிறதா, எத்தனை மாத நோட்டீஸ் என்று முதலில் பாருங்கள். அதை எழுத்தில் கொடுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திரும்பி வர வேண்டும் என்று 11-ம் பிரிவு சொல்கிறது. இதற்கு முன் இருந்த வீட்டில் எனக்கே அட்வான்ஸ் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவும் கழிவறைக் குழாய்க்கும் சுவரில் அடித்த ஆணிக்கும் பிடித்தம் போக. காலி செய்த அன்று நான் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை, அதனால் வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

அந்தப் பாடத்தோடுதான் ஏப்ரல் 30 அன்று பெரம்பூருக்குப் போனேன். கீழ்ப் போர்ஷன் காலியாக, கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு அறையையும் இருவரும் சேர்ந்து படம் எடுத்தோம், ஈ.பி. மீட்டரின் எண்ணையும். 24,000-ஐ அம்மா எண்ணிக் கொடுத்தார். சாவி பெற்றதற்கு ஒரு தாள், பணம் பெற்றதற்கு ஒரு தாள். ஜூனில் புதுக் குடும்பம் வந்தது. அட்வான்ஸ் மூன்று மாதம். நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரி எது என்று அக்ரிமென்டிலேயே எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தோம். பதிவு எண் வந்த தாளை அம்மா பீரோவில், பட்டாவோடு சேர்த்து வைத்திருக்கிறார்.